தோத்த கேஸுங்க செஞ்ச வேலை

கொஞ்ச நாள் முன்னாடி சிங்கப்பூர்ல எங்க புளோக் வாட்ஸப் குரூப்ல ஒரு தம்பி கேள்வி போட்டாரு. தஞ்சாவூர்ப் பக்கம், இங்க வேலைக்கு வந்து, கல்யாணம் பண்ணி, பிஆர் (நிரந்தரவாசி) ஆகி, இப்பதான் பிங்க் ஐசி (குடிமக்களோட அடையாள அட்டை) கைல வாங்கியிருக்காரு. "அண்ணே, பிஆரா இருந்தப்பவும் வரி கட்டினேன், இப்பவும் கட்டறேன், சிட்டிசன் ஆனதுல நெஜமா என்ன கூடுதலா கிடைச்சுச்சு?" அவ்ளோதான், குரூப் பத்திக்கிச்சு. அரசாங்கம் கட்டற பிடிஓ வீட்டுக்கு அப்ளை பண்ணலாம்ங்கறாரு ஒருத்தர், அரசாங்கம் தர்ற சிடிசி வவுச்சர்ங்கறாரு இன்னொருத்தர், பள்ளிக்கூட ஃபீஸ் குறையும், பாஸ்போர்ட்ட காட்டினா ஏர்போர்ட்ல முறைக்க மாட்டாங்க, பையனுக்கு கட்டாய ராணுவ சேவை, அதாவது என்எஸ் (அது பிஆர் பிள்ளைங்களுக்கும்தானேன்னு உடனே ஒரு சண்டை), கடைசியா ஒரு ஆன்ட்டி மட்டும் "ஓட்டு போடணும்பா, போடலன்னா லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துடுவாங்க"ன்னு போட்டாங்க. அதுகூட உரிமைங்கற தொனில இல்ல, ஃபைன் கட்டச் சொல்ற தொனில.

அடிப்படை உரிமைங்கள எழுதி வெச்சிருக்கற அரசியலமைப்பு நாலாம் பாகம்னு ஒண்ணு இருக்கே, அத ஒருத்தரும் சொல்லல. எனக்கு ஆச்சரியமும் இல்ல. நம்ம ஊர்ல உரிமைன்னு யாராவது பேச ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கறவங்க லேசா நாற்காலிய நகத்திப்பாங்க.

நாலாம் பாகம் பெரிய விஷயமெல்லாம் இல்ல, அளவுல சொல்றேன். 9லேர்ந்து 16 வரைக்கும் எட்டே பிரிவு. அரசாங்கத்தோட சட்ட வெப்சைட்ல காசில்லாம கிடைக்குது, காப்பிக்கடைல ஒரு தே ஹாலியா (இஞ்சி டீ) ஆறறதுக்குள்ள படிச்சு முடிச்சிடலாம். உயிர், உடல் சுதந்திரம் 9. அடிமைத்தனம், கட்டாய வேலை கூடாது 10 (ஆனா நாட்டுக்காகக் கட்டாய சேவை செய்யச் சொல்லலாம்னு அதுலயே ஒரு வரி இருக்கு, என்எஸ் பசங்க "இது அடிமை வேலைடா"ன்னு பொலம்பறதுக்கு சட்டப்படி அங்கயே பதில் இருக்கு). செஞ்சப்ப குத்தமா இல்லாத ஒண்ணுக்குப் பின்னாடி சட்டம் போட்டு தண்டிக்கக்கூடாது 11. சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம் 12. நாடு கடத்தறது, நடமாட்டம் 13. பேச்சு, கூட்டம், சங்கம் 14. மதம் 15. படிப்பு 16.

அந்தத் தம்பிக்கு பதில் இங்கதான் இருக்கு. கவனிச்சுப் படிச்சீங்கன்னா 9, 11, 15 எல்லாம் "எந்த ஒரு ஆளுக்கும்"னு போகுது. வொர்க் பர்மிட்ல வந்து நேத்து சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினவருக்கும் கோயிலுக்குப் போற உரிமை இருக்கு, கைது பண்ணா காரணம் சொல்லணும், 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், வக்கீல் வெச்சுக்க விடணும் (எப்ப விடணும்கறதுக்கு கோர்ட் சொல்ற பதில் "நியாயமான நேரத்துக்குள்ள", கைது பண்ண அந்த நிமிஷமே இல்ல). ஆனா 13ம் 14ம் குடிமக்களுக்கு மட்டும். நாட்டை விட்டு அனுப்பக்கூடாதுங்கற பாதுகாப்பும், பேசற உரிமையும், கூடற உரிமையும் பிங்க் ஐசியோட வர்றது. வவுச்சர விட இது பெரிசா இல்லையான்னு கேட்டா, பெரிசுதான், ஆனா அதுக்குள்ள ஒரு "ஆனால்" இருக்கு, அந்த "ஆனால்" உரிமைய விட நீளமா இருக்கு.

14ம் பிரிவுல முதல் பாதி மூணு வரில பேச்சு சுதந்திரம் தருது. ரெண்டாவது பாதி, நாட்டுப் பாதுகாப்பு, மத்த நாடுகளோட நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நாடாளுமன்றத்தோட சிறப்புரிமை, கோர்ட் அவமதிப்பு, அவதூறு, குத்தத்தைத் தூண்டறது, இதுக்கெல்லாம் தேவைன்னோ உசிதம்னோ நாடாளுமன்றம் நெனச்சா சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம்னு சொல்லுது. இந்தியாலயும் இதே மாதிரி பட்டியல் உண்டு, 19ம் பிரிவுல, ஆனா அங்க கட்டுப்பாடு நியாயமானதா இருக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க, அதனால ஜட்ஜ் உக்காந்து நியாயமான்னு எடை போடலாம். இந்த வரிங்க நமக்கு மலேசியாலேர்ந்து வந்தது. 1957ல மலாயாவுக்கு அரசியலமைப்பு எழுதின கமிஷன்ல பெரும்பாலானவங்க கட்டுப்பாடு நியாயமா இருக்கணும்னுதான் சொன்னாங்க, பாகிஸ்தான்லேர்ந்து வந்திருந்த ஜட்ஜ் அப்துல் ஹமீது மட்டும் அது வேணாம், ஒவ்வொரு சட்டத்தையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்கன்னு தனியா எழுதிக் கொடுத்தாரு, கடைசில அவர் சொன்னதுதான் நின்னுச்சு. 1965ல நாம பிரிஞ்சு வந்தப்ப அந்த அரசியலமைப்போட அடிப்படை உரிமைப் பகுதிய அப்படியே எடுத்துக்கிட்டோம், சொத்துரிமைய மட்டும் விட்டுட்டோம். நிலம் எடுக்கணும், வீடு கட்டணும். அடுத்த வருஷமே, 1966ல, நிலம் எடுப்புச் சட்டம் வந்துடுச்சு. இன்னிக்கு நாமெல்லாம் உக்காந்திருக்கற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்கு அடியில அந்த விடுபட்ட பிரிவும் கிடக்குது, இதுல எனக்குப் பெரிய வருத்தம் இல்ல, ஆனா கம்பத்த (பழைய கிராமத்த) காலி பண்ணினப்ப எவ்ளோ கொடுத்தாங்கன்னு பழைய ஆளுங்கள கேட்டா வேற கதை வரும்.

ஓட்டுரிமை? நாலாம் பாகத்துல இல்ல. நெஜமா இல்ல, போய்ப் பாருங்க. 1966ல தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமைல ஒரு அரசியலமைப்புக் குழு போட்டு, சிறுபான்மையினர் உரிமைய எப்படிக் காப்பாத்தறதுன்னு கேட்டாங்க. அந்தக் குழு ஓட்டுரிமையையும் எழுதி வெக்கச் சொல்லுச்சு, மக்கள் குறை கேக்க ஒரு தனி அதிகாரி வேணும்னும் சொல்லுச்சு. ரெண்டும் நடக்கல. ஓட்டுரிமை எழுதாமலே உள்ள இருக்குன்னு அரசாங்கம் நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு, பின்னாடி கோர்ட்டும் அது அரசியலமைப்பு தர்ற உரிமைதான்னு ஒத்துக்கிச்சு. சரி, எழுதாத உரிமைய எப்படிக் கேக்கறது? அதுக்குத்தான் ஹவ்காங் தொகுதி கதை. அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை.

ஜேபிஜே பத்தி எங்க அப்பா அடிக்கடி பேசுவாரு. யாழ்ப்பாணத்துல பொறந்த ஜெயரத்னம், 1981ல ஆன்சன் தொகுதி இடைத்தேர்தல்ல ஜெயிச்சு நாடாளுமன்றத்துக்குள்ள போனாரு, அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கு மேல நாடாளுமன்றத்துல எதிர்க்கட்சின்னு ஒரு ஆள் இல்ல. 1986 கடைசில அவர் பதவி போச்சு. அப்புறம் 1988 செப்டம்பர் பொதுத்தேர்தல் வரைக்கும் ஆன்சன் காலியாவே கிடந்துச்சு, அந்தத் தேர்தல்ல தொகுதியே காணாமப் போச்சு. அங்க இருந்த வாக்காளருக்கு ஒண்ணே முக்கால் வருஷம் எம்பி இல்ல. யாரும் கோர்ட்டுக்குப் போகல. போகலாம்னு யாருக்கும் தோணல போல.

2012 பிப்ரவரில ஹவ்காங்ல அதே நெலம வந்துச்சு. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி அவங்க எம்பிய கட்சிலேர்ந்து நீக்குச்சு, தொகுதி காலி. இடைத்தேர்தல் வைப்போம் ஆனா எப்பன்னு முடிவு பண்ணலன்னு பிரதமர் சொன்னாரு, சட்டத்துல காலக்கெடு இல்லன்னும் சொன்னாரு, அதுவும் உண்மைதான், 49ம் பிரிவுல நாள் கணக்கு கிடையாது. பெரிய பெரிய வக்கீலுங்க பேப்பர்ல கருத்து எழுதிக்கிட்டிருந்தப்ப, வெள்ளம்மா மாரிமுத்துன்னு ஒரு அம்மா, ஹவ்காங் வாசி, துப்புரவு வேலை பாக்கறவங்க, வக்கீல் எம். ரவி மூலமா மார்ச் மாசம் ஹைகோர்ட்ல கேஸ் போட்டாங்க. அவங்க கேட்டது இவ்ளோதான்: என் தொகுதிக்கு எம்பி இல்ல, எப்ப தேர்தல் வைக்கணும்கறது ஒரே ஒரு ஆளோட இஷ்டமா?

இத எழுதறப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் சிலிர்க்குது. எத்தனை பட்டதாரிங்க, எத்தனை எழுத்தாளருங்க, எத்தனை சங்கத் தலைவருங்க நம்ம சமூகத்துல, தீபாவளி விருந்துக்கு அமைச்சர் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறதுக்கு வரிசையா நிக்கறவங்க. நாட்டோட அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்துல, லா ஸ்கூல்ல ஒவ்வொரு மாணவனும் படிக்கற கேஸ் பேரா இன்னிக்கு நிக்கறது அந்த அம்மா பேரு.

கேஸ் என்ன ஆச்சு? தோத்துடுச்சு. மே மாசம் 26ம் தேதி இடைத்தேர்தல் நடந்துச்சு, ஆகஸ்ட்ல ஹைகோர்ட் ஜட்ஜ் பிரதமருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. அவங்க விடல, அப்பீல் போனாங்க. 2013 ஜூலைல அப்பீல் கோர்ட், தேர்தல்தான் முடிஞ்சு போச்சே, இனிமே உங்களுக்கு இந்தக் கேஸ நடத்த தகுதி இல்லன்னு தள்ளுபடி பண்ணுச்சு. ஆனா தள்ளுபடி பண்ற அதே தீர்ப்புல, தனித்தொகுதில எம்பி இடம் காலியானா பிரதமர் இடைத்தேர்தல் வெச்சே ஆகணும், நியாயமான காலத்துக்குள்ள வெக்கணும், நேரத்தைத் தேர்ந்தெடுக்கற உரிமை உண்டே தவிர காலவரை இல்லாம தள்ளிப்போட உரிமை இல்லன்னு எழுதிட்டாங்க. பிரதமர் முடிவை கோர்ட் கேள்வி கேக்கலாம்னும் ஆகிப்போச்சு. தோத்தவங்க சட்டத்தை மாத்திட்டுப் போயிட்டாங்க. 2016ல புக்கிட் பாத்தோக்ல ஆளுங்கட்சியான மசெக (மக்கள் செயல் கட்சி) எம்பி விலகினப்ப ரெண்டு மாசத்துக்குள்ள இடைத்தேர்தல் வந்துடுச்சு, முரளி பிள்ளை ஜெயிச்சாரு, அந்த மாதிரி ஒரு அவசரத்த ஆன்சன் காலத்துல நெனச்சுப் பாத்திருக்க முடியுமா.

இப்ப ஜெயிச்சவங்க கதை ஒண்ணு. 1987ல மார்க்சியச் சதின்னு சொல்லி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல 22 பேர புடிச்சாங்க, விசாரணை இல்லாம. பெரும்பாலும் சர்ச் தொண்டர்கள், வக்கீலுங்க, நாடகக்காரங்க. விட்டுட்டு மறுபடி சில பேர புடிச்சப்ப நாலு பேர் கோர்ட்டுக்குப் போனாங்க. 1988 டிசம்பர்ல அப்பீல் கோர்ட் அவங்களுக்கு சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. சொன்னது யாருன்னு பாருங்க, அதே வீ சோங் ஜின், 1966 குழுவோட தலைவர். உடனடிக் காரணம் என்னமோ பேப்பர் வேலைல இருந்த குறைதான், ஆனா அதோட நிறுத்தல, எல்லா அதிகாரத்துக்கும் சட்டப்படி ஒரு எல்லை இருக்கு, கோர்ட் எட்டிப் பாக்க முடியாத அதிகாரம்னு ஒண்ணு சட்டத்தின் ஆட்சியில இருக்க முடியாதுன்னு ரொம்பத் தெளிவா எழுதினாரு. ஜெயிச்சு வெளிய வந்த நாலு பேரையும் அன்னிக்கே மறுபடி புடிச்சுட்டாங்க. அடுத்த மாசம், 1989 ஜனவரில, சட்டத்தையும் அரசியலமைப்போட 149ம் பிரிவையும் திருத்தி, இந்த மாதிரி விஷயத்துல கோர்ட் நடைமுறைய மட்டும்தான் பாக்கலாம்னு ஆக்கிட்டாங்க.

மூணுல ரெண்டு பங்கு எம்பிங்க கைதூக்கினா அரசியலமைப்பயே திருத்தலாம், 5ம் பிரிவு. சுதந்திரம் வாங்கின நாள்லேர்ந்து மசெகவுக்கு அது இல்லாத நாளே இல்ல, 2025 மே தேர்தல்லகூட 97 இடத்துல 87. அதனால நம்ம ஊர் அரசியலமைப்பு கல்வெட்டு இல்ல, ஆளற கட்சி நெனச்சா மாத்தலாம். இத சொல்லாம உரிமை பத்திப் பேசறது பொய்.

ஆனா பாருங்க, அந்த 1988 தீர்ப்பு செத்துப் போகல. பாதுகாப்புச் சட்டத்துக்கு மட்டும்தான் திருத்தம் போட்டாங்க, மத்த எல்லா இடத்துலயும் அது இன்னும் உயிரோட இருக்கு, ஒவ்வொரு கேஸுலயும் எடுத்துக் காட்டறாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர் வோங் சூக் யீ. முப்பது வருஷம் கழிச்சு, 2017ல, அதிபர் தேர்தல்ல நிக்கறதுக்காக ஹலிமா யாக்கோப் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதிய (சில பேர் ஒரே டீமா நின்னு ஜெயிக்கற தொகுதி) விட்டுப் போனப்ப, இடைத்தேர்தல் வேணும்னு கேஸ் போட்டதும் அதே வோங் சூக் யீதான்! வெள்ளம்மா கேஸ் தந்த தைரியம்னு வெச்சுக்கலாம். அவங்க 2019ல தோத்தாங்க. குழுத்தொகுதில ஒரு எம்பி போனா தேர்தல் கட்டாயம் இல்லன்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. அதனாலதான் 2023ல தர்மன் ஜூரோங்க விட்டு அதிபர் தேர்தலுக்குப் போனப்ப அங்க இடைத்தேர்தல் இல்ல. குழுத்தொகுதி வந்ததே சிறுபான்மையினர் நாடாளுமன்றத்துல இருக்கணும்னு, 1988ல. அப்படி இருக்க, அந்த டீம்ல சிறுபான்மை எம்பி போனா இடம் காலியாவே இருக்கலாம்னா, எனக்கு இது இன்னிக்கு வரைக்கும் செரிக்கல.

சரி, நம்ம வீட்டு விஷயத்துக்கு வர்றேன். தைப்பூசம். எங்க வீட்ல தம்பி காவடி எடுப்பான், பால்குடம் தூக்கறதுக்கு சித்தி, பெரியம்மான்னு ஒரு படை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் நடக்கறப்ப, அலகு குத்தின ஆளுக்கு உறுமி சத்தம் இல்லாம நடக்கறது எவ்ளோ கஷ்டம்னு நடந்தவங்களுக்குத்தான் தெரியும், கூட வர்றவங்க "வேல் வேல்"னு கத்திக் கத்தி தொண்டை போயிடும். ஊர்வலத்துல வாத்தியம் வாசிக்கத் தடை 1973ல வந்துச்சு, போட்டிக் குழுக்களுக்குள்ள அடிதடி நடந்ததால. அதே தெருவுல சீனப் புத்தாண்டுக்கு சிங்க நடனம் டமடமன்னு போகுதே, எங்களுக்கு மட்டும் ஏன்னு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வீட்லயும் கேக்கற கேள்விதான். இங்க ஒரு விஷயத்த நேர்மையா சொல்லணும், 1964 கலவரத்துக்கு அப்புறம் மத ஊர்வலம் பொதுவாவே நடந்து போக அனுமதி இல்ல, இந்துக்களுக்கு மட்டும்தான் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதின்னு மூணுக்கு விலக்கு. அதாவது நமக்கு மட்டும் குறைன்னு சொல்றது அரை உண்மை. மத்தவங்களுக்கு இல்லாத ஒண்ணு நமக்கு இருக்கு, அதுக்குள்ள ஒண்ணு இல்ல. தைப்பூச லீவு போனது வேற கதை, 1968ல பொது விடுமுறைப் பட்டியலக் குறைச்சப்ப போச்சு, மிலாடி நபியும் பாக்சிங் டேயும்கூட அப்பதான் போச்சு.

2015ல மூணு பேர் வாத்தியத் தடைய எதிர்த்து ஹைகோர்ட் படியேறினாங்க. 12ம் பிரிவு சமத்துவம், 14ம் பிரிவு பேச்சு, 15ம் பிரிவு மதம், மூணையும் சொன்னாங்க. கேஸ முழுசா நடத்த அனுமதியே கிடைக்கல. பொது ஒழுங்குக்காக மத உரிமையக் கட்டுப்படுத்தலாம்னு 15லயே இருக்கு, அதோட முடிஞ்சுது. ஆனா 2016 தைப்பூசத்துல மூணு இடத்துல நேரடி வாத்தியம் வாசிக்க அனுமதி வந்துச்சு. நாதஸ்வரம் தவில் சத்தத்த நடு ரோட்டுல நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சுக் கேட்டப்ப எங்க பெரியம்மா அழுதுட்டாங்க. அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்துக்கிட்டே வந்திருக்கு. கேஸ் மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், இந்து அறக்கட்டளை வாரியமும் பக்தர்களும் வருஷக்கணக்கா பேசிக்கிட்டுதான் இருந்தாங்க, கலந்துரையாடல் நடந்துச்சு. ஆனா பேசறதும் கோர்ட்டுக்குப் போறதும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடற விஷயம்னு நம்ம பெரியவங்க நெனைக்கறாங்களே, அது தப்புன்னுதான் எனக்குப் படுது. "ஏம்ப்பா கேஸ் கீஸுன்னு, நல்லபடியா கேட்டா கொடுப்பாங்கல்ல"ன்னு எங்க மாமா இன்னும் சொல்வாரு. நல்லபடியா 1973லேர்ந்து கேட்டோம் மாமா.

இந்த ஊர் நடைமுறை எனக்குப் புரிஞ்ச அளவுக்கு இப்படித்தான் இருக்கு: அரசாங்கம் கோர்ட்டுல ஜெயிக்கும், அப்புறம் வெளிய வந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அரசியலமைப்புக்கு விரோதம்னு ஒரு சட்டத்தை கோர்ட் தூக்கிப் போடற காட்சிய இங்க எதிர்பார்த்து உக்காரக்கூடாது. அதனால கேஸுங்கறது ஒரு வெளிப்படையான மனு மாதிரி வேலை செய்யுது, காரணத்த எழுத்துல சொல்ல வெக்குது, சொன்ன காரணம் பலவீனமா இருந்தா ஊரே பாக்கும். இதுல ஒரு கெட்ட பக்கமும் இருக்கு. சலுகையா வந்தது சலுகையாவே போகலாம். இத்தனை இடத்துல வாசிக்கலாம்கறது அனுமதி, உரிமை இல்ல. அடுத்த வருஷம் ஒரு அடிதடி நடந்தா எல்லாம் போயிடும், கேக்க ஒண்ணும் இருக்காது. வெள்ளம்மா வாங்கினது அப்படி இல்ல, அது தீர்ப்பு, அடுத்த பிரதமரையும் கட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சே கேக்கணும்.

பேச்சுக்கு வரேன், சீக்கிரமா சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா இதப் பத்தி எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கு, யாரும் மாத்திக்கப் போறதில்ல. 2000 செப்டம்பர்லேர்ந்து ஹாங் லிம் பார்க்ல ஸ்பீக்கர்ஸ் கார்னர் இருக்கு, குடிமகனா இருந்தா போலீஸ் பர்மிட் இல்லாம, பதிவு மட்டும் பண்ணிட்டுப் பேசலாம். 2013 பிப்ரவரில மக்கள்தொகை வெள்ளை அறிக்கைய எதிர்த்து (2030ல 69 லட்சம் பேர்ங்கற கணக்கு) ஆயிரக்கணக்கான பேர் கூடினாங்க, நானும் போனேன், மேடைல பேசினவங்கள விட ஓரமா நின்னு "போட்டோல விழாம நில்லு"ன்னு சொல்லிக்கிட்டிருந்தவங்க அதிகம். மதத்தைப் பத்தி அங்க பேசக்கூடாது, இனப் பகை மூட்டற பேச்சும் கூடாது. அதாவது, தைப்பூசத்துல ஏன் வாத்தியம் வாசிக்கக்கூடாதுன்னு அங்க நின்னு பேசறது சிக்கல். ஆன்லைன்ல 2019லேர்ந்து பொஃப்மாங்கற பொய்த் தகவல் தடுப்புச் சட்டம். பொய்யான தகவல்னு அமைச்சர் உத்தரவு போட்டா திருத்தம் போடணும், கோர்ட்டுக்கும் போகலாம், 2021ல அந்தச் சட்டம் 14ம் பிரிவுக்கு விரோதம் இல்லன்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல எந்த உத்தரவு செல்லும், எது செல்லாதுன்னு அஞ்சு படியா சோதிக்கற முறையையும் கொடுத்துச்சு. மறுபடியும் அதே கதைதான், தோத்தவங்கதான் அந்த அஞ்சு படிய வாங்கிக் கொடுத்தாங்க.

குடிமக்களுக்கு மட்டும்னு சொன்னேன்ல, அதோட வலி எங்க தெரியும்னா தேக்கால (லிட்டில் இந்தியா). 2013 டிசம்பர் 8, ஞாயித்துக்கிழமை ராத்திரி, ரேஸ் கோர்ஸ் ரோட்டுல தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருத்தர் பஸ்ஸுக்கு அடில சிக்கி செத்துப்போனாரு, கலவரம் ஆச்சு. கொஞ்சம் பேர் மேல வழக்கு, அது கோர்ட்ல நடந்துச்சு. ஆனா அம்பதுக்கும் மேற்பட்டவங்கள வழக்கே இல்லாம ஊருக்கு அனுப்பிட்டாங்க. 13ம் பிரிவு அவங்களுக்குக் கிடையாது, வேலை அனுமதிய ரத்து பண்ணா முடிஞ்சுது. அவங்க அங்க என்ன பண்ணாங்க, கல் எறிஞ்சாங்களா, சும்மா நின்னாங்களா, கோர்ட்ல ஒருத்தரும் கேக்கல. கோவிட் சமயத்துல டார்மிட்டரில அடைச்சு வெச்சதும் அப்படித்தான், நாமெல்லாம் காப்பிக்கடைக்குப் போக ஆரம்பிச்ச ரொம்ப நாள் கழிச்சும் அவங்களுக்கு வெளிய போக எக்ஸிட் பாஸ் வேணும். 2022 ஜூன்ல அத எடுத்தப்பகூட தேக்கா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட்டுக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு நாள்லயும் போக பாஸ் வாங்கணும், 80,000 பேருக்குத்தான்னு வெச்சாங்க. ஞாயித்துக்கிழமை தேக்காக்குப் போக பாஸ்! எனக்குத் தெரிஞ்சு நம்ம ஆளுங்க நிறைய பேர் அதுக்கு சந்தோஷப்பட்டாங்க, கூட்டம் கம்மியா இருக்கும்னு. நான் கடைக்குப் போனப்ப காதுல கேட்டதத்தான் சொல்றேன்.

நம்மளயே அப்படிச் சொல்றப்ப மட்டும் நமக்கு சுருக்குன்னு இருக்கும். வீடு வாடகைக்குத் தேடின தமிழர் யாரா இருந்தாலும் அந்த வரிய பாத்திருப்பாங்க, இந்தியருக்கு இல்லன்னு. இப்பல்லாம் விளம்பரத்துல எழுத மாட்டாங்க, ஏஜென்ட் போன்ல "ஓனர் சமைக்கறவங்களுக்குக் கொடுக்க மாட்டாராம்"னு சொல்வாரு, மெசேஜ்ல நம்ம பேரப் பாத்ததும் வீடு போயிடுச்சும்பாரு. என் அக்கா மகளுக்கு நடந்துச்சு, அவ இங்க பொறந்து இங்க வளந்தவ, சிங்கப்பூர் இங்கிலீஷ்லயே சண்டை போடுவா, "வீ ஆர் லோக்கல் லா" அப்படின்னு சொல்லிப் பாத்திருக்கா, அத சொல்ல வேண்டி வந்ததுதான் இன்னும் அவமானம்ங்கறா. 12ம் பிரிவுல இனம், மதம், வம்சாவளி, பொறந்த இடம் இதவெச்சு குடிமக்கள்கிட்ட பாகுபாடு கூடாதுன்னு இருக்கே? இருக்கு. ஆனா அது சட்டத்துக்கும் அரசாங்க அமைப்புக்கும். வீட்டு ஓனர் தனி ஆள், அவர அது தொடாது.

இன்னொரு பக்கம், இன ஒதுக்கீடு. 1989லேர்ந்து வீவக புளோக்ல ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு, இந்தியரும் மத்தவங்களும் சேத்து இப்ப அக்கம்பக்கத்துல 12 சதவீதம், புளோக்ல 15. ஒரே இனமா ஒரு இடத்துல குவியக்கூடாதுங்கறது நோக்கம், நான் அத ஆதரிக்கறவன்தான், நான் வளந்த மாடில மலாய்க்காரர், சீனர், நாங்கன்னு கலந்து இருந்தது அதனாலதான். ஆனா சீனர் வரம்பு நெறஞ்ச புளோக்ல இருக்கற இந்தியர் வீட்ட விக்கணும்னா சீனருக்கு விக்க முடியாது, வாங்கற ஆள் கம்மி, விலை எறங்கும். நாடு ஒத்துமையா இருக்கறதுக்கான செலவ சிறுபான்மைக் குடும்பம் தன் சேமிப்புலேர்ந்து கட்டுது. அது அரசாங்கமே ஒத்துக்கிட்ட விஷயம், 2022லேர்ந்து ரொம்ப நாளா விக்க முடியாதவங்க வீட்ட சில நிபந்தனையோட திருப்பி வாங்கிக்கற ஏற்பாடு வந்திருக்கு. இதுக்கு யாரும் கேஸ் போடல, எம்பிங்க நாடாளுமன்றத்துல கேட்டுக் கேட்டு வந்தது. அதுவும் ஒரு வழிதான்.

வேலைல பாகுபாட்டுக்கு 2025 ஜனவரில ஒரு சட்டம் நிறைவேறிடுச்சு, இனம், மதம், மொழி, வயசு, கர்ப்பம், ஊனம், நாடு இதவெச்செல்லாம் வேலைல பாகுபாடு காட்டக்கூடாது, ஆரம்பத்துல 25 பேருக்குக் கம்மியா ஆள் இருக்கற கம்பெனிக்கு மட்டும் விலக்கு. வேலைக்கு முடியும்னா வாடகைக்கு ஏன் முடியாது? ஓனர் வீட்டு ரூம்ல கூட தங்கறவங்கள அவர் இஷ்டத்துக்கு விடலாம், சரி, முழு வீட்டையும் வாடகைக்கு விடறவருக்கும், கமிஷன் வாங்கிக்கிட்டு அத செயல்படுத்தற ஏஜென்ட்டுக்கும் என்ன சாக்கு?

இதத்தான் எங்க எம்பிகிட்ட கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மக்கள் சந்திப்புக்கு டோக்கன் எடுத்து உக்காந்தா பார்க்கிங் ஃபைன் அப்பீலுக்கு நடுவுல இது காணாமப் போயிடும்னு எழுத்துலயே கொடுத்திருக்கேன், அக்கா மகளோட மெசேஜுங்க ஸ்க்ரீன்ஷாட் (பேரெல்லாம் மறைச்சு) சேத்து. தமிழ்ல எழுதினேன், 53ம் பிரிவுப்படி நாடாளுமன்றத்துல தமிழ்ல பேசலாம்ல, அங்க தமிழ்லயே கேளுங்கன்னும் ஒரு வரி போட்டேன். மாமாவுக்குத் தெரிஞ்சா "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்"பாரு. புதுசா சிட்டிசன் ஆன அந்தத் தம்பி மட்டும், லெட்டர்ல தன் பேரையும் போடுங்கண்ணேன்னு சொன்னாரு, போட்டாச்சு. பதில் வந்தா இங்கயே கீழ போடறேன்.